மாடம்மாளின் முதல் சோறு

ஞாயிற்றுக்கிழமை காலை சோறூட்டு என்று முடிவு செய்தவர்கள் குழந்தையைப் பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முந்தின நாள் மாலை கூடத்தில் சஜி தோரணம் கட்டுவதைப் பார்த்துத்தான் இசக்கிசெல்விக்கே விஷயம் தெரிந்தது.

கரமனையில் இருந்த அந்த இல்லம், போக இடமில்லாத சிறுவயதுத் தாய்மார்களுக்காக ஒரு அறக்கட்டளை நடத்துவது. சஜி அதன் செயலாளர்; மலையாளம் கலந்த தமிழ் பேசுபவர். இசக்கிசெல்விக்குப் பதினேழு வயது. வள்ளியூர்ப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பம். வயிற்றில் பிள்ளை என்று தெரிந்ததும் அப்பா அவளைக் கொட்டகையை விட்டுத் துரத்தினார். அவளைக் கெடுத்த மேஸ்திரி ஜாமீனில் வெளியே வந்து, இன்னும் அதே கட்டடத்தில்தான் வேலை பார்க்கிறான். தம்பானூர் பேருந்து நிலையத்தில் படுத்துக் கிடந்தவளைப் பெண் போலீஸ் ஒருத்தி இங்கே கொண்டுவந்து சேர்த்தாள். பிறந்த மகளுக்குச் செத்துப்போன தன் அம்மாவின் பெயரை வைத்தாள்: மாடம்மாள்.

"ஸ்பான்சர் வருது மோளே. மஸ்கட்டிலேர்ந்து," என்றார் சஜி. "குழந்தைக்கு அவங்கதான் முதல் சோறு கொடுக்கும்."

"அப்ப பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு நான் இருக்கணும்லா சார்?"

"நீங்க யாரும் கீழே வர வேண்டா. மேலே இருந்தா மதி, அது போதும். உங்க முகத்த வெளியாளுக்குக் காட்டக் கூடாது, அது நியமம். உங்க பாதுகாப்புக்குத்தான்."

நியமம் என்ற சொல்லுக்கு எதிராக என்ன பேசுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. இல்லத்தின் நர்ஸ் நாகலக்ஷ்மி மாமியிடம் போய்ச் சொன்னாள். "சட்டம் அப்படித்தாண்டி இருக்கு," என்றாள் மாமி. மாமியும் அதை நம்பித்தான் சொன்னாள்.

மறுநாள் மாமிதான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தாள். கூடத்துச் சுவரில் பெரிய பேனர் தொங்கியது. அதில் குழந்தையின் முகம், சுவரின் பாதி அளவுக்கு. கீழே 'ஆர்யா' என்று வேறு ஒரு பெயர். மற்றக் குழந்தைகளை வரிசையாகப் பாயில் கிடத்தியிருந்தார்கள். மஸ்கட்டிலிருந்து வந்த மஹேஷும் ஜானவியும் பட்டு உடுத்தி, வாழையிலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஜானவிக்குப் பிறந்த வீடு இதே ஊரில், ஸ்ரீவராகம் அக்ரஹாரம். மாமியைப் பார்த்ததும் சொந்தக்காரியிடம் பேசுவதுபோலப் பேசினாள்.

"எவ்வளவு அழகா இருக்கா பாருங்கோ மாமி. இதைக் குப்பைத்தொட்டியிலே போட்டுட்டுப் போக பெத்தவளுக்கு எப்படித்தான் மனசு வந்ததோ."

மாமிக்கு முதலில் புரியவில்லை. "யார் போட்டா?"

"இவ அம்மாதான். சஜி சார் அனுப்பின வீடியோவிலே பார்த்து நான் ரெண்டு நாள் அழுதேன்."

மாமி குழந்தையை அவள் மடியில் விட்டுவிட்டு, சஜியைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டாள்.

"என்ன சொல்லி வெச்சிருக்கேள் அவாகிட்டே?"

சஜி தலையைத் தாழ்த்தவில்லை. "மாமி, அனாதைக் குழந்தைன்னா ஆளு பணம் தரும். அம்மை இருக்குன்னு சொன்னா, 'இந்த மாதிரிப் பெண்ணுக்கு நாங்க எதுக்குத் தரணும்'னு கேக்கும். நான் கேட்டிருக்கேன். இந்த வீட்டுல அடுப்பு எரியணுமா வேண்டாமா?"

"அதுக்காகப் பெத்தவளைக் கொலைகாரி ஆக்குவேளா?"

அவர் பதில் சொல்லும்முன் மாமி படியேறிவிட்டாள். மாடிக் கதவில் வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. தாழ்ப்பாளைத் திறந்து, எல்லாப் பெண்களும் கேட்கும்படி, கீழே சொல்லப்பட்டதை அப்படியே சொன்னாள். பூசி மெழுகத் தோன்றவில்லை.

இசக்கிசெல்வி படியிறங்கினாள்.

கூடத்தில் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. ஜானவி நெய்ச்சோற்றை விரலில் எடுத்து, "ஆர்யா, ஆர்யாக்குட்டி" என்று கொஞ்சக் கொஞ்ச அது முகத்தைத் திருப்பியது. இசக்கிசெல்வியைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டித் தாவியது.

சஜி குறுக்கே வந்தார். "ஆயா, நீ போ. குழந்தைய பின்ன எடுக்கலாம்."

"ஆயாவா?" என்றாள் இசக்கிசெல்வி. அவள் குரல் உயரவில்லை. "நான் இவளப் பெத்தவளாக்கும். ஆஸ்பத்திரியில வலியெடுத்து, இந்த மாமி கையப் பிடிச்சுக்கிட்டுப் பெத்தேன். எந்தக் குப்பையிலயும் போடல. இவ பேரு மாடம்மாள்."

குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அழுகை நின்றது. பின்னாலேயே மற்றப் பெண்களும் இறங்கி வந்து, பாயிலிருந்து அவரவர் பிள்ளையை எடுத்துக்கொண்டார்கள்.

மஹேஷ் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. "இது சீட்டிங். அனாதைக் குழந்தைக்குன்னுதான் நாங்க கொடுத்தோம். அம்மா இருக்கான்னா எங்களுக்கு இங்கே என்ன வேலை?"

"அனாதை நானாக்கும் சார்," என்றாள் இசக்கிசெல்வி. "எனக்குத்தான் யாரும் இல்ல. இவளுக்கு நான் இருக்கேன்."

ஜானவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்னை ஏன் கீழே கூப்பிடலை?"

"மேல பூட்டிப் போட்டா எப்படிக்கா வர?"

மஹேஷ் மனைவியின் கையைப் பிடித்து அழைத்துப் போனார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. இசக்கிசெல்வி அந்த இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மகளை மடியில் வைத்து, சோற்றை நன்றாக மசித்து ஊட்டினாள். குழந்தை முதல் வாயைத் துப்பியது. இரண்டாவதை விழுங்கியது.

திங்கட்கிழமை மாமி குழந்தைகள் நலக் குழுவிடம் போய்ப் புகார் கொடுத்தாள். விசாரணை வந்தது. சஜி வேலையை விட்டுப் போனார். பேனரும் வீடியோக்களும் அகற்றப்பட்டன. ஆனால் சஜி சொன்னதும் நடந்தது. உண்மை தெரிந்தவுடன் ஸ்பான்சர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். குழந்தை அனாதையாக இருந்தவரை உருகியவர்கள், தாய் இருக்கிறாள் என்றதும் ஒழுக்கம் பேசினார்கள். இல்லத்தில் மீன் நின்றது, பிறகு முட்டை நின்றது. "கொஞ்சம் பொறுத்திருக்கலாமே" என்று அறக்கட்டளைக்காரர் ஒருவர் மாமியிடம் சொல்ல, "நீங்க உங்க பொண்ணைப் பூட்டி வெச்சுட்டு வந்து சொல்லுங்கோ," என்றாள் அவள்.

ஓணத்துக்கு முன்னால் ஜானவி போன் செய்தாள். கணவருக்கு இஷ்டமில்லை, ஆனாலும் தான் தொடர்ந்து உதவுவதாகச் சொன்னாள். இந்த முறை தாய்க்கும் சேர்த்து.

"அன்னிக்கு நான் ஒண்ணும் தெரியாம பேசிட்டேன், மன்னிச்சுக்கோ," என்றாள். பிறகு தயங்கி, "மாசத்துக்கு ஒரு போட்டோ மட்டும் அனுப்பறயா? உன்னோடதும் குழந்தையோடதும்."

"அனுப்ப மாட்டேன்க்கா."

"நான் யாருக்கும் காட்ட மாட்டேன்."

"நீங்க காட்ட மாட்டீங்க. ஆனா படத்தக் குடுத்தாத்தான் சோறுன்னா, இவளுக்கு நான் வேற வழி பாத்துக்கிடுவேன். இவளப் பாக்கணும்னா ஊருக்கு வரும்போ வாங்க. எங்கிட்ட கேட்டுட்டு வாங்க."

"சரி," என்றாள் ஜானவி கடைசியில். உதவி வருமா வராதா என்று அந்த ஒரு சொல்லில் தெரியவில்லை.

இசக்கிசெல்வி போனை மாமியிடம் கொடுத்தாள். இல்லத்தில் இருந்தபடியே அவள் எழுதப்போகும் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குக் கணக்குப் பாடம் பாக்கி இருந்தது. முறத்தில் கிடந்த அரிசியை இறைத்துக்கொண்டிருந்த மகளை ஒரு கையால் அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையால் புத்தகத்தைப் பிரித்தாள்.