வேலையை விடச்சொன்ன எதுகை

1

இந்தக் கதை குரும்பகரத்தில் ஒரு வீட்டுச் சுவரிலிருந்து கிடைத்தது. தண்ணீர் கேட்டுப் போன இடம். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு திருமண வாழ்த்துப்பா, 1979இல் அச்சிட்டது. இரண்டு வரிகள் கூடவே வந்துவிட்டன:

வேலை விடுத்தாள் விளக்கேற்ற வந்தாள்
மாலை தொடுத்தாள் மனையாள வந்தாள்

வேலையை விட்டது யார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் இது செய்தியாகியிருக்கும்.

2

காரைக்காலில் அன்று மழை பிடித்து— வேண்டாம். எல்லாக் கதையிலும் பெய்துவிட்டது.

அமுதம், காரைக்கால் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போகலாம் என்று பேசித்தான் சோமசேகரனுக்கு நிச்சயம் செய்தார்கள். தாலி கட்டியதும், வழக்கப்படி, மாப்பிள்ளையின் நண்பர் உரக்கடை தங்கையன் வாழ்த்துப்பா வாசித்தார். அந்த இரண்டு வரிக்குப் பந்தலே கைதட்டியது. அமுதமும் தட்டினாள். [ஓசை ஏறிய காதில் பொருள் ஏறவில்லை. என்னாலும் தட்டாமல் இருந்திருக்க முடியாது.]

3

விடுப்பு முடியப் போகிறது. அமுதம் புடவைக்கு இஸ்திரி போடுகிறாள். மாமியார் செல்லம்மா சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த வாழ்த்துப்பாவைக் காட்டினார்.

"எங்கம்மா கிளம்புற? ஊரே கேக்கப் படிச்சாங்கல்ல, வேலைய வுட்டுட்டான்னு?"

"அது எதுகைக்காகப் போட்டது அத்தை."

"எந்தக் கைக்கோ. நீயும்தானே கை தட்டுன?"

சோமசேகரன் அந்த நேரம் பார்த்து வயலுக்குப் போய்விட்டான். அவள் உரக்கடைக்குப் போனாள்.

"அண்ணே, வேலைக்குப் போவான்னு மாத்தி எழுதிக் குடுங்க."

"மாலைக்கு வேலைதான் வந்து நின்னுச்சும்மா. நான் என்ன பண்ண?"*

"எதுகையில்லாம எழுதுங்க."

"அப்புடி எழுதுனா அது கவிதையில்ல, மனு."

"மனுவாவே இருக்கட்டும்ங்க."

* சேலை, சோலை, காலை மூன்றும் ஆபத்தில்லாமல் சும்மா இருந்தன.

4

எதுகை வைத்து எழுதியவர் தப்பிக்கலாம். ஓசை இழுத்தது, போனேன் என்று சொல்லலாம். எதுகையில்லாமல் எழுதினால் ஒவ்வொரு சொல்லையும் தெரிந்தே வைத்ததாக ஒப்புக்கொள்ள வேண்டும். தங்கையன் அதற்குத்தான் பயந்தார் என்று எழுதி, அடித்தேன். பயந்தவன் சோமசேகரன்.

முடிவு அ: செல்லம்மாவே டிபன் கட்டிக்கொடுக்கிறார். எதுகை மாதிரி கச்சிதம். எனக்கே நம்பிக்கையில்லை.

முடிவு ஆ: அமுதம் ராஜினாமா எழுத உட்கார்ந்து— உட்கார மாட்டேன் என்கிறாள்.

5

ஆகவே, திங்கட்கிழமை காலை. அமுதம் செருப்பு மாட்டிவிட்டாள். செல்லம்மா வழியை மறிக்கவில்லை, மகனைப் பார்த்தார்.

"நீ சொல்லுடா. ஊரைக் கூட்டிப் படிச்சது பொய்யா?"

"சொல்லுங்க" என்றாள் அமுதமும். "ஒத்த வரி போதும்."

சோமசேகரன் வாயைத் திறக்கிறான். அவனுடைய வரியை நாலு விதமாக எழுதிப் பார்த்தேன். நாலும் கைதட்டல் கேட்கின்றன. நீங்கள் எழுதுங்கள், எதுகையில்லாமல். கொஞ்சம் சீக்கிரம். கதைக்கு அவசரமில்லை, அவளுக்கு ஒன்பது மணிக்கு டியூட்டி.