மூன்றாம் நாள் மாலை ஐந்து மணி

மாநாட்டுக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. தொடர்பியல் துறையின் கூட்ட அறையில், ஒரு கால் ஆடுகிற நீள மேசையைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேர் பேசுவதற்கு, ஒருத்தி வேலை செய்வதற்கு. அந்த ஒருத்திக்கு ‘அட்டவணை’ என்றே பெயர் விழுந்திருந்தது. ஏழு வருடமாக துறையின் வருடாந்திர மாநாட்டுக்கு அட்டவணை போடுகிறவள் அவள். எந்தக் கட்டுரை எந்த நாள், எந்த அறை, யாரை யாரோடு ஒரே மேடையில் உட்கார வைத்தால் கைகலப்பு வரும் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். அந்த ஏழு வருடமும் அவள் தற்காலிக விரிவுரையாளர். வருடா வருடம் ஒப்பந்தத்தை நீட்டுவார்கள், அவளும் வருடா வருடம் நன்றி சொல்வாள்.

இந்த வருடம் துறையில் நிரந்தர இடம் ஒன்று காலியாகியிருந்தது. அவளும் விண்ணப்பித்திருந்தாள். மாநாடு முடிந்த பத்தாம் நாள் நேர்காணல். தேர்வுக் குழுவில் இருந்த வெளி நிபுணர்கள் இரண்டு பேரும் மாநாட்டின் முதல் நாள் காலை முன்வரிசையில் உட்காரப் போகிறார்கள். மதியமே விமானம் ஏறிவிடுவார்கள். அன்று காலை பெரிய அரங்கில் பேசுகிறவர்களைத்தான் அவர்கள் காதால் கேட்பார்கள். மற்றவர்கள் எல்லாம் அவர்களுக்கு விண்ணப்பத்தில் ஒரு பெயர், அவ்வளவுதான்.

அரங்கின் முதல் இடத்தைக் கேட்டு வாங்க முடியாது. கட்டுரைகளைப் பெயர் நீக்கி, எண் மட்டும் போட்டு மதிப்பிடுவார்கள். அதிக மதிப்பெண் வாங்கிய கட்டுரைக்கு அந்த இடம். எந்த எண் யாருடையது என்ற பட்டியல், ஒட்டிய உறைக்குள், மூத்த பேராசிரியையிடம் இருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பதால் அவருக்குக் கண்ணாடி மேடம் என்று பெயர்.

“நாப்பத்தேழு!” என்று மேசையைத் தட்டினார் துறைத்தலைவர். “முதல் நாள் காலையில நாப்பத்தேழுதான். நானே படிச்சேன். பத்துக்குப் பத்து போட்டேன். என் சர்வீஸ்ல யாருக்கும் பத்து போட்டதில்ல.”

“ஆமா சார், நீங்க போட மாட்டீங்க” என்றார் நூலகர். தலைவர் மழை என்றால் குடையைத் தேடுகிற ஆள் அவர்.

நாற்பத்தேழாவது கட்டுரை, ஆம்புலன்ஸ் அழைப்பு மையம் ஒன்றைப் பற்றியது. எழுதியவர் நானூறு அழைப்புப் பதிவுகளை உட்கார்ந்து கேட்டிருந்தார். பெண் பேசினால், மூன்றில் ஒரு முறை, “வீட்டுல ஆம்பளைங்க யாராவது இருந்தா போனைக் குடுங்க” என்று கேட்கிறார்கள். அந்த ஒரு கேள்வியால் வண்டி கிளம்ப எத்தனை நொடி தாமதமாகிறது என்று கணக்கெடுத்திருந்தார்.

“படிக்கும்போதே உடம்பு சிலிர்த்துச்சு. வெளிநாட்டுல படிச்ச ஆளாத்தான் இருக்கணும். இந்த மாதிரி ஆள்தான் நம்ம துறைக்கு வேணும். எங்க கிடைக்கிறாங்க, சொல்லுங்க?”

அட்டவணை தலை நிமிரவில்லை. நோட்டில் கோடு மேல் கோடாகப் போட்டுக்கொண்டிருந்தாள். காது மட்டும் சுட்டது.

கண்ணாடி மேடம் உறையைக் கிழித்துக் கண்ணாடியை மாட்டினார். “நாப்பத்தேழு… அட, நம்ம அட்டவணை!”

தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். “ஓ, நீங்களா?”

அந்த ‘நீங்களா’வில் இருந்த ஏமாற்றத்தை அவள் செத்தாலும் மறக்க மாட்டாள். ஒரு நிமிடத்துக்கு முன்னால் எழுதியவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடிய மனிதர், பெயர் தெரிந்ததும் பொத்தென்று கீழே போட்டார். பிறகு குரலில் தேன் தடவிக்கொண்டார்.

“ரொம்ப சந்தோஷம்மா. நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா பாருங்க, நம்ம வீட்டு ஆளையே முன்னாடி நிறுத்தினா வெளியில நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க. அதுவும் தவிர, அட்டவணை போடுறவங்க கடைசியில பேசுறதுதானே நம்ம வழக்கம்? ரெண்டாவதா வந்த பத்தொம்பதை முதல் நாள் போட்டுடுங்க. நீங்க விட்டுக்குடுக்கிற ஆள்தானே.”

“ஆமா, வழக்கம்னு ஒண்ணு இருக்கே” என்றார் நூலகர்.

“சரி சார்” என்றது அவள் வாய். ஏழு வருடப் பழக்கம். மனம் வேண்டாம் வேண்டாம் என்று கத்துவதற்குள் வாய் முந்திக்கொண்டுவிட்டது.

கடைசி இடம் என்றால் மூன்றாம் நாள் மாலை ஐந்து மணி. இரண்டாம் மாடியில், கழிப்பறைக்குப் பக்கத்து அறை. அதற்குள் பாதிப் பேர் பெட்டியோடு ஆட்டோவில் ஏறியிருப்பார்கள், மீதிப் பேர் சான்றிதழுக்கு வரிசையில் நிற்பார்கள். போன வருடம் அவள் பேச்சைக் கேட்டது மூன்று பேர். அதில் ஒருவர் மைக்கைக் கழற்றக் காத்திருந்த எலெக்ட்ரீஷியன். உருப்படியாக ஒரு கேள்வி கேட்டதும் அவர்தான்.

வீட்டுக்கு வந்து பையை எறிந்த வேகத்தில், வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். கணவன் லிஃப்ட் மெக்கானிக். கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே முழுக் கதையையும் கேட்டான்.

“அந்த ஆளே பத்து போட்டாரு, அந்த ஆளே தூக்கிக் கடாசிட்டாரு. நீ என்ன சொன்ன?”

“சரி சார்னு சொன்னேன்.”

“நல்லா சொன்ன போ! உன் தலையில மிளகாய் அரைக்கிறாங்க, நீ குனிஞ்சு காட்டிட்டு வந்திருக்க.”

“ஏங்க, நானே வெந்துபோயிருக்கேன், நீங்க வேற!” என்று கத்தினாள். “வழக்கமாம்! எந்த மகராசன் போட்டுவச்ச வழக்கமோ, அவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா…”

“யாருன்னு கேளேன். அந்தக் கண்ணாடி அம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும்?”

திங்கட்கிழமை காலை முதல் வேலையாகக் கண்ணாடி மேடத்தின் அறைக்குப் போனாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அட்டவணை போடுறவங்க கடைசியில பேசணும்னு யார் வச்சது? எந்த விதியில இருக்கு?”

மேடம் விழித்தார். “விதியா? அப்படி எதுவும் கிடையாதே. உனக்கு முன்னாடி அட்டவணை போட்டவர் எப்பவும் முதல் நாள்தான் பேசுவாரு.”

“அப்போ இது?”

“நீதானம்மா ஆரம்பிச்ச. முதல் வருஷம் யாரோ ஒருத்தர் அஞ்சு மணிக்குப் பேச மாட்டேன்னு குதிச்சாரு. ‘பரவால்ல சார், நான் போய்க்கிறேன்’னு நீயே உன் பேரை எழுதிக்கிட்ட. அடுத்த வருஷமும் எழுதின. யாரும் உன்னை எழுதச் சொல்லல. நல்ல பிள்ளையா இருக்கேன்னு நாங்களும் விட்டுட்டோம். அப்புறம் அது வழக்கமாயிடுச்சு.”

அவளுக்கு ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். எல்லோருக்கும் நல்லவளாக இருந்துவிடவேண்டும் என்ற வெறி. பேனாவை எடுத்துத் தன் பெயரைத் தானே கடைசிக் கட்டத்தில் எழுதியது, தலைவர் “நீங்க தங்கம்மா” என்று சொன்னது, அதைக் கேட்டு அன்று முழுக்க மிதந்தது, எல்லாம் ஞாபகம் வந்தது. தங்கமாம், தங்கம்! செருப்பால் அடித்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. தலைவர் மேல் இருந்த கோபத்தில் பாதி அந்த நிமிடமே அவள் மேலேயே திரும்பியது. மீதிப் பாதியும் குறையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

“மேடம், நீங்களாவது அன்னிக்குக் கூட்டத்துல வாயைத் திறந்து இதைச் சொல்லியிருக்கலாமே?”

“நீயே சரின்னுட்ட. நான் ஏன் குறுக்க வரணும்?”

வந்த வேகத்திலேயே திரும்பினாள். கதவைச் சாத்துகிற சத்தத்தில் மட்டும் கொஞ்சம் பதில் இருந்தது.

அன்றைக்கு வகுப்பு முடிந்ததும் கணினி முன்னால் உட்கார்ந்தாள். மதிப்பெண் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். யார் துறைத்தலைவர், யார் யாருடைய மாணவர், யார் கோபித்துக்கொள்வார் என்று ஏழு வருடமாகப் பார்த்த எதையும் பார்க்கவில்லை. அதிகம் வாங்கியவர் முன்னால், குறைவாக வாங்கியவர் பின்னால். நாற்பத்தேழு, முதல் நாள் காலை பத்து மணி, பெரிய அரங்கு. தன் பெயரை முழுப் பெயராக, முதலெழுத்தோடு அடித்தாள். அட்டவணையைப் பேச்சாளர்களுக்கு அனுப்புவது என்றைக்கும் அவள் வேலைதான். அச்சகத்துக்குப் போகிற பிரதிக்கு மட்டும் தலைவரின் கையெழுத்து வேண்டும். நூற்று நாற்பது பேருக்கும், வெளி நிபுணர்கள் இருவருக்கும், குழுவினர் மூவருக்கும் ஒரே சொடுக்கில் அனுப்பினாள்.

இரண்டு நாள் தலைவரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. தகவல் தொடர்பைப் பற்றி முப்பது வருடமாக வகுப்பெடுக்கிறவருக்கு வந்த கடிதத்தைத் திறக்கிற பழக்கம் கிடையாது. புதன்கிழமை கூட்டத்தில் அச்சுப் பிரதியை அவள் நீட்டியபோதுதான் தலைவர் பார்த்தார். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“என்ன இது? நான் என்ன சொன்னேன், நீங்க என்ன பண்ணி வச்சிருக்கீங்க?”

“சரின்னு சொன்னது தப்பு சார். மாத்திட்டேன்.”

“யாரைக் கேட்டு மாத்தினீங்க? வழக்கம்னு ஒண்ணு இருக்கா இல்லையா?”

“இருந்துச்சு சார். அதை வச்சது நீங்க இல்ல, நான். என் பேரை நானே அங்க எழுதிக்கிட்டேன், நானே எடுத்துட்டேன். மேடத்தைக் கேளுங்க.”

கண்ணாடி மேடம் மேசையைப் பார்த்தபடி, “அது உண்மைதான்” என்றார். நூலகர் ‘ஆமா’ என்று ஆரம்பித்து, யாருக்கு ஆமா போடுவது என்று தெரியாமல் தண்ணீர் குடித்தார்.

“இதைப் பழையபடி மாத்தி அனுப்புங்க.”

“எல்லாருக்கும் போயாச்சு சார். நிபுணர்கள் ரெண்டு பேரும் முதல் கட்டுரையைக் கேக்க ஆவலா இருக்கிறதா பதில் போட்டுட்டாங்க. மாத்தணும்னா நீங்களே அவங்களுக்கு எழுதுங்க. பத்துக்குப் பத்து போட்ட கட்டுரையை ஏன் கடைசிக்குத் தள்ளினோம்னு அதுல எழுதணும். அதை நான் எழுத மாட்டேன்.”

அவள் குரல் உயர்ந்துதான் இருந்தது. தாழ்த்த வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வெளியே வராந்தாவில் யாரோ நின்று கேட்டார்கள். கேட்கட்டும்.

தலைவர் தாள்களை வேகமாகப் புரட்டினார். “சரி, அப்போ மூணாம் நாள் அஞ்சு மணிக்கு எந்த இளிச்சவாயன் பேசப்போறான்?”

“மதிப்பெண் எல்லாருக்கும் கீழ இருந்தவர் சார். அறுபத்திரெண்டாம் நம்பர் கட்டுரை.”

அவர் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். அங்கே இருந்த பெயரைப் படித்தார். மறுபடியும் படித்தார். பெயர் மறைத்துப் படித்த இரண்டு பேர் போட்ட மூன்றும் நாலும் பக்கத்திலேயே பென்சிலில் குறிக்கப்பட்டிருந்தன. இருபது வருடமாக முதல் நாளைத் தவிர வேறு எந்த நாளிலும் பேசியிராத அவருடைய சொந்தப் பெயர்தான் அது.

அட்டவணை தன் பேனாவைத் திறந்து அவர் பக்கம் நீட்டினாள்.

“அச்சகத்துக்காரர் கீழ காத்திட்டிருக்காரு சார்” என்றாள்.