காலியாக விட முடியாத கட்டம்

1

இந்தக் கதை என் தலையில் உதித்தது அல்ல. சூரத் ஜவுளிச் சந்தையில் லிஃப்டுக்கு நிற்கையில் காதில் விழுந்தது. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். கணக்கு மென்பொருளைப் பற்றி யார் கதை படிக்கப்போகிறார்கள்?

முதல் வரி இப்படி இருந்தது: ‘ஜிகீஷா கணினியைத் திறந்தபோது வெளியே மழை’

அடித்துவிட்டேன். அந்தக் கடைக்கு ஜன்னலே கிடையாது.

2

ஜிகீஷா, தன்சுக்பாயின் சேலை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவள்; அங்கே எல்லோருக்கும் ‘பென்’, அதாவது சகோதரி. புது மென்பொருள் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு கேள்வி கேட்டது: பில் போட்டு எத்தனை நாளில் பணம் வர வேண்டும்?

“சேட், பாவ்நகர் வஜுபாய்க்கு எத்தனை நாள் போட?”

“அவருக்கு எதுக்கு நாளு? சரக்கு வித்தா தருவாரு. இல்லன்னா தீபாவளிக்கு.”

“தீபாவளின்னா எடுக்க மாட்டேங்குது. நம்பர்தான் கேக்குது.”

“அப்ப சும்மா விடுங்க, பென்.”

“சும்மாவும் விட முடியல.”

அலுத்துப்போய் எல்லோருக்கும் பூஜ்யம் போட்டாள். கெடுவே இல்லை என்று அதற்கு அர்த்தம் என நினைத்தாள். அன்றைக்கே கெடு என்று மென்பொருள் எடுத்துக்கொண்டது.

(நீங்கள் இரக்கப்பட வேண்டும் என்று அவளுக்கு ஒரு சீக்காளிப் பிள்ளையைக் கொடுத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவளுக்கு அலுப்பு, அவ்வளவுதான். எனக்கும்.)

3

அந்த மாதம் முடிந்த மறுநாள் காலை, ‘கெடு தாண்டிவிட்டது, உடனே செலுத்தவும்’ என்று எல்லோருடைய போனுக்கும் மென்பொருள் தானாகவே செய்தி அனுப்பிவிட்டது. பலர் சிரித்தார்கள், சிலர் கெட்ட வார்த்தையோடு.

ஆனால் இதற்குள் வஜுபாய் இறந்துபோயிருந்தார்; இன்னும் காரியம் ஆகவில்லை. அதுவரை சாவு வீட்டில் பாக்கி கேட்கிறவன் இந்தச் சந்தையில் கிடையாது. தன்சுக்பாயே போய் அழுதுவிட்டு வந்திருந்தார்.

வஜுபாயின் மகன் கூப்பிட்டான்.

“சித்தப்பா, அப்பா போன்ல உங்க மெசேஜ் வந்துச்சு. அம்மாதான் படிச்சாங்க.”

“டேய், அது மிஷின் அனுப்பினதுடா.”

“பணத்த மொத்தமா அனுப்பிட்டேன். பாத்துக்குங்க.”

முழுப் பாக்கியும் வந்தால் வேறு ஊரில் இனிப்பு வாங்குவார்கள். இங்கே கொஞ்சம் பாக்கி நின்றால்தான் உறவு. மொத்தமும் தீர்த்தால், இனி உன் கடைப் படி ஏற மாட்டேன் என்று அர்த்தம். தன்சுக்பாய் அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. ஜிகீஷாவைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

4

முடிவு ஒன்று: ஜிகீஷா பாவ்நகர் போய், வஜுபாயின் மனைவி சவிதாபென் காலில் விழ, அவர் அவளைத் தூக்கி... வேண்டாம், சினிமா.

முடிவு இரண்டு: வேலையை விட்டுவிடுகிறாள். அதற்கும் தெம்பு வேண்டுமே.

கேள்விப்பட்டது இவ்வளவுதான். காரியம் முடிந்ததும், யாரும் கேட்காமலே ஒரு கட்டுச் சேலையைப் பாவ்நகருக்கு அனுப்பச் சொன்னார் தன்சுக்பாய்.

“பில்லு போடுங்க, பென்.”

“வாங்கிப்பாங்களா, சேட்?”

“வாங்கினா பாக்கி நிக்கும். பாக்கி நின்னா பேச்சு இருக்கும்.”

“திருப்பி அனுப்பிட்டா?”

அவர் சேலைக் கட்டின் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினார்.

வஜுபாய் பெயரை எடுத்துவிட்டுச் சவிதாபென் பெயரைப் போட்டாள் ஜிகீஷா. அடுத்து அந்தக் கட்டம் வந்தது. எத்தனை நாள்?

அவள் இன்னும் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கும் தெரியவில்லை. உங்கள் வீட்டுச் சாவில் அப்படி ஒரு செய்தி வந்திருந்தால், எத்தனை நாளில் மன்னிப்பீர்கள்? எண்ணாகத்தான் சொல்ல வேண்டும். காலியாக விட முடியாது.