அமுதவல்லியின் தாளில் மட்டும்

அமுதவல்லிக்கு வந்த கோபத்தை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை, கண்ணுகளா. நியாயமான கோபம் அது.

ஏற்காட்டில் ஒரு லாட்ஜ் கூடத்தில் நான்கு பேர் வாசிக்கும் கச்சேரி. இசையை எழுதிய வசந்த் சென்னைக்காரர். மூன்று பேரை அவரே அழைத்து வந்திருந்தார். வயலினுக்கு ஆள் வராமல் போகவே, பக்கத்துச் செம்மநத்தத்திலிருந்து பஸ்ஸில் வந்து பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கும் அமுதவல்லியைக் கூப்பிட்டார்கள். நன்றாக வாசித்தால் சென்னைக் கச்சேரியிலும் அவள்தான் என்றார் வசந்த்.

வசந்த் அச்சடித்துத் தந்த இசைத்தாளில் சுரங்கள் மட்டும் இருக்கும்; எவ்வளவு நேரம் என்பது இருக்காது. வாசிப்பவர் மனம் போதும் என்கிறவரை இழுக்கலாம். அவர் கம்பியிலிருந்து வில்லை எடுத்த பிறகுதான் அடுத்தவர் தொடங்க வேண்டும். அமுதவல்லிக்கு அது மிகவும் பிடித்துப்போனது. அவள் அம்மா எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறித்தவர். மேஸ்திரி விசில் அடித்தால்தான் அங்கே தண்ணீர்கூடக் குடிக்கலாம்.

ஒத்திகைக்கு நடுவே டீ குடித்துவிட்டு வந்தால், அவள் தாளில் ஒவ்வொரு சுரத்துக்கு மேலும் பென்சிலில் எண்கள். நான்கு விநாடி, ஆறு, நான்கு. பக்கத்தில், வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா வாசிக்கும் ஜாபெஸின் தாளை எட்டிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. மற்ற இருவரின் தாளும் அப்படியே.

“ஏனுங்க, எனக்கு மட்டும் எதுக்குங்க இது?” என்று வசந்திடம் கேட்டாள்.

“நீங்க புதுசு. எங்க நிறுத்தணும்னு தெரியாது. ஒரு உதவிதான்.”

“காது எனக்கும் ரெண்டு இருக்குதுங்க.”

ஜாபெஸ் சிரித்துவிட்டார். வசந்த் சிரிக்கவில்லை. “நான் போட்டபடி வாசிச்சா சென்னை. இல்லேன்னா வேற ஆள் பார்த்துக்கறேன்.”

மாலையில் கூடம் நிறைந்தது. முதல் சுரம் அவளுடையது. நான்கு விநாடியில் முன்வரிசையிலிருந்து வசந்த் விரலை உயர்த்தினார். அவள் வில்லைத் திருப்பி அதே சுரத்தை இழுத்தாள். கோபத்தில் கம்பி கரகரத்தது. கரகரக்கட்டும் என்று விட்டாள். மறுபடி திருப்பினாள். வசந்த் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். ஜாபெஸ் வில்லை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார். இருமியவர்கள் அடங்கி, ஒலி நேராகி, தனக்குப் போதும் என்று தோன்றியபோதுதான் அவள் வில்லை எடுத்தாள். கடைசிவரை எல்லாச் சுரமும் அப்படித்தான்.

கைதட்டல் ஓய்ந்ததும் வசந்த் வந்தார். “கெடுத்துட்டீங்க. சென்னைக்கு வர வேண்டாம்.”

“நீங்க அச்சடிச்சதைத்தானுங்க வாசிச்சேன். ஒருக்கா நீங்களே படிச்சுப் பாருங்க.”

சாப்பிட்டுப் போகச் சொன்னார்கள், அவள் நிற்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் தாடை இறுகியே இருந்தது. சென்னை வாய்ப்பு கைவிட்டுப் போனது வலிக்காமல் இல்லை, கண்ணுகளா. அதற்கும் சேர்த்துத்தான் அந்தக் கோபம்.