ஜன்னலோர அப்பா

ஆங்கில டீச்சரின் வகுப்பில் கட்டுரை வாசிக்க ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வாசிக்கும்போது டீச்சர் மேஜையைத் தட்டுவாள். அவர் நிறுத்திவிட, அடுத்தவர் தன் கட்டுரையை அதே இடத்திலிருந்து தொடர வேண்டும். ஒருத்தியின் அப்பா பஸ்ஸுக்கு ஓடும்போதே இன்னொருவனின் அப்பா பல் பிடுங்கிக்கொள்வார். வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும். மதியத் தூக்கத்துக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது.

அன்றைய தலைப்பு 'என் அப்பா'. முதல் பெஞ்சுக்காரி ஆரம்பித்தாள். ஜன்னலோரம் நின்று மழையைப் பார்க்கும் அப்பா. டீச்சர் தட்டினாள். அடுத்தவனின் அப்பாவும் ஜன்னலோரம் நின்று, திரும்பி, மெல்லச் சிரித்தார். அதற்கடுத்தவளின் அப்பா அதே சிரிப்போடு செடிக்குத் தண்ணீர் விட்டார். தட்டத் தட்ட, ஒரே அப்பா பெஞ்சு பெஞ்சாக நடந்து வந்துகொண்டிருந்தார். ஓர் இடறல் இல்லை, ஒரு பிழை இல்லை. யாரும் சிரிக்கவும் இல்லை.

டீச்சர் தட்டுவதை நிறுத்திவிட்டாள். வாசிப்பு நிற்கவில்லை. ஒருவர் உட்கார ஒருவர் எழுந்து, கடைசி பெஞ்சுவரை அது தானாகவே போய் முடிந்தது.

"எல்லாரும் கம்ப்யூட்டர எழுதச் சொன்னீங்களா?"

ஆமாம் என்று தலைகள் ஆடின. டீச்சரின் பார்வை முதல் பெஞ்சுக்காரியிடம் போய் நின்றது. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த அவளுடைய அப்பா போன வருஷம்தான் இறந்தார்.

"அப்பா எந்த ஜன்னல்கிட்ட நின்னாரும்மா?"

"எங்க வீட்ல ஜன்னலே இல்ல மிஸ்." நிதானமாகத்தான் சொன்னாள். "கம்ப்யூட்டர் எழுதினதப் படிச்சுப் படிச்சு மனப்பாடம் ஆயிடுச்சு. இப்ப அப்பாவ நெனச்சா, ஜன்னல்கிட்ட நிக்கிறவருதான் வர்றாரு. திரும்பினா எங்கப்பா முகம் இல்ல."

"நீயே எழுதியிருக்கலாமே?"

"மொதல்ல நான்தான் எழுதினேன். நீங்க முழுக்க சிவப்புல அடிச்சு, ஒரு தப்பு இல்லாம எழுதிட்டு வான்னு திருப்பிக் குடுத்தீங்க."

டீச்சருக்கு அந்தத் தாளில் இருந்த பிழைகள் ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தன. அதில் இருந்த அப்பா மட்டும் வரவில்லை.

"அதுல அப்பா என்ன பண்ணாரு?"

பெண் வெகுநேரம் தேடினாள். "மோட்டார் சத்தத்துல அவருக்குக் காது மந்தம். போன்ல... கத்துவாரு. பக்கத்து வீட்டுக்காரங்க தங்களத்தான் கூப்பிடறாருன்னு ஓடி வருவாங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டீச்சர் சிவப்புப் பேனாவை மேஜை டிராயருக்குள் போட்டு மூடினாள்.

"தப்பில்லாத இங்கிலீஷ்தான் வேணும்னு அடம்பிடிச்சது நான். அதுக்காக நீங்க உங்களப் பெத்த அப்பாவையே குடுத்துட்டு வந்திருக்கீங்க. வார்த்தைய வேணா மெஷின் திருத்தட்டும். யார நெனைக்கிறோம், எப்படி நெனைக்கிறோம்ங்கறத மட்டும் யார்கிட்டயும் குடுத்துடக் கூடாது. இப்ப எழுதுங்க, தப்பாவே எழுதுங்க."

முதல் பெஞ்சுக்காரி ஒரு வரி எழுதினாள். பிறகு பேனாவை வைத்துவிட்டு, தலையைத் திருப்பாமலே வகுப்பின் திறந்த ஜன்னலைக் காட்டிக் கேட்டாள்.

"மிஸ், அந்த ஜன்னலச் சாத்திடலாமா? அவரு இன்னும் அங்கயே நிக்கிறாரு."