ஜோடி போட்டு முங்கிய கிணறு

குளத்தூரிலிருந்து மேற்கே பிரியும் மண்சாலையில் ஒரு மைல் போனால் கவியரசனின் தோட்டமும் வீடும் வரும். வீட்டுக்குப் பின்னால் கல் கட்டிய கிணறு. வெட்டிய ஆழம் ஐம்பத்தைந்து அடி. கொரோனா வந்த வருஷத்துக் கார்த்திகையில் அடித்த புயல் மழையில் அது நிரம்பி, மேலிருந்து எட்டாவது படியில் தண்ணீர் நின்றது. கவியரசன் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி அளந்தான். தண்ணீர் மட்டும் நாற்பத்தைந்து அடி இருந்தது. அதை நோட்டில் குறித்து, மணமேல்குடியில் இருந்த நிலவழகனுக்கு வாட்ஸப்பில் அனுப்பினான். மணமேல்குடிக் கடலில் அரை மைல் நடந்து போனாலும் தண்ணீர் நெஞ்சைத் தாண்டாது.

"எங்க ஊரு கடலவிட ஒங்க ஊரு கெணறு ஆழம்டா மாப்ள" என்று பதில் வந்தது.

இருவரும் மாலத்தீவில் ஒரு சுற்றுலாத் தீவில் ஆறு வருஷம் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, வெள்ளைக்காரர்களைக் கடலுக்கடியில் கூட்டிப் போய் மீனும் பவளமும் காட்டிவிட்டுப் பத்திரமாகக் கூட்டி வருகிற வேலை. அந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. யாரும் தனியாக முங்கக்கூடாது, ஜோடியோடுதான் முங்கவேண்டும். முங்குவதற்கு முன் ஒருவன் உடுப்பை மற்றவன் கையால் தொட்டுப் பார்ப்பான். பெல்ட்டை இழுத்துப் பார்ப்பான். முதுகுப் பக்கம் கைவிட்டுச் சிலிண்டரின் திருகு முழுக்கத் திறந்திருக்கிறதா என்று திருகிப் பார்ப்பான். ஒருவனுக்குக் கீழே காற்று நின்றுபோனால் மற்றவன் தன் காற்றைக் கொடுப்பான். ஆறு வருஷமும் கவியரசனுக்கு நிலவழகன்தான் ஜோடி.

பங்குனியில் வேலை நின்று இருவரும் ஊர் வந்து சேர்ந்தார்கள். கார்த்திகையில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. மறுபடி திறக்கிறோம், பழைய ஆட்களையே எடுக்கிறோம், ஆனால் ஜனவரி முப்பத்தொன்றுக்குள் பன்னிரண்டு முறை முங்கியிருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும், முங்கிய கணக்கை எழுதும் லாக் புக்கில் ஜோடியின் கையெழுத்து வேண்டும் என்று எழுதியிருந்தது. மாலத்தீவு வேலை போனால் கவியரசனுக்குத் தெரிந்த வேறு வேலை கிடையாது. எட்டு மாதமாக வீட்டில் இருந்து, கத்தரிக்காய்க்குத் தண்ணீர் பாய்ச்சுவதில்கூட அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தான்.

உடுப்பும் சிலிண்டரும் அவனிடம் இருந்தன. ராமேஸ்வரம் பக்கம் காற்று நிரப்பித் தருகிற இடம் ஒன்று உண்டு. நிலவழகனின் சித்தப்பா ஓட்டுகிற மீன் லாரியில் வெறும் சிலிண்டர் போகும், நிரம்பிய சிலிண்டர் மீன் வாசனையோடு திரும்பி வரும். முதல் மூன்று தடவை கவியரசன் தனியாகவே முங்கினான். சொந்தக் கிணறு, நீச்சல் பழகியதே அதில்தான், என்ன ஆகிவிடப்போகிறது என்று இருந்தது. மூன்று பக்கத்தையும் எழுதிப் படம் பிடித்து அனுப்பி, நேரில் பார்க்கும்போது கையெழுத்துப் போட்டுக் கொடு என்று கேட்டான்.

நிலவழகன் போன் போட்டான். "நான் பாக்காத முங்குக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன் மாப்ள."

ஆறு வருஷம் பார்த்தவன்தானே என்று கவியரசன் வாதாடினான். அதனால்தான் போடமாட்டேன் என்றான் அவன். அவனுக்கும் பன்னிரண்டு வேண்டியிருந்தது. நெஞ்சளவுக் கடலில் அவனால் முங்க முடியாது. ஆகவே ஞாயிறும் வியாழனும் மணமேல்குடியிலிருந்து அறந்தாங்கி, புதுக்கோட்டை வழியாக நூறு கிலோமீட்டர் பைக் ஓட்டிக்கொண்டு, கடற்கரைக்காரன் கிணற்றில் முங்க வந்தான். வழியில் நிறுத்திய போலீஸ்காரர் முதுகில் என்ன என்று கேட்டாராம். முங்குற உடுப்பு சார், குளத்தூருக்குப் போறேன் என்றானாம். அவர் இரண்டு தரம் மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னாராம்.

அப்போதெல்லாம் ஊரே முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டிருந்தது. கவியரசன் வீட்டில் மட்டும் அது மூக்கை விட்டு இறங்கவில்லை. இரண்டு காரணங்கள். அவன் மனைவி வனிதா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த வருஷம் அவள் பார்த்ததையெல்லாம் வீட்டில் வந்து சொன்னதில்லை. இரண்டாவது, அவன் அம்மா அமிர்தவல்லிக்கு வீசிங். பனி இறங்கினாலே நெஞ்சு விசில் அடிக்கும்.

நிலவழகன் வருவதை வனிதா தடுக்கவில்லை. தனியாக முங்குவதற்கு அது எவ்வளவோ மேல் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் சில ஏற்பாடுகள் செய்தாள். தண்ணீருக்கு மேலே இருவருக்கும் நடுவே ஆறடி. ஒருவர் சாமானை மற்றவர் தொடக்கூடாது. லாரியில் வந்தது எதுவானாலும் சோப்புத் தண்ணீரில் துடைத்த பிறகுதான் மற்ற வேலை. நிலவழகன் மோட்டார் கொட்டகையைத் தாண்டி வீட்டுப் பக்கம் வரவேண்டாம், காப்பி பேப்பர் கப்பில் கல் மேல் வைக்கப்படும். இவ்வளவையும் அவள் சிரித்த முகமாகவே சொன்னாள். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அத்தைக்காகத்தான்." அவனும் தங்கச்சி சொன்னால் சரி என்று கேட்டுக்கொண்டான்.

ஆக, கையால் தொட்டுப் பார்க்கிற பரிசோதனை வாயால் கேட்கிற பரிசோதனை ஆயிற்று. கிணற்றின் இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன். "பெல்ட்டு?" "போட்டாச்சு." "காத்து?" "எரநூறு." "தெறந்துருக்கா?" "தெறந்துருக்கு." ஏலம் விடுகிற மாதிரி இருக்கிறது என்று அமிர்தவல்லி சிரித்தாள். இப்படியே எட்டு முங்கு முடிந்து, எட்டுக் கையெழுத்தும் விழுந்தன.

ஒன்பதாவது, ஜனவரி இருபத்தொன்று, வியாழக்கிழமை. அன்று லாரி தாமதமாக வந்தது. வழக்கமாக முந்தின நாளே வந்துவிடும் சிலிண்டரை அமிர்தவல்லி சோப்புத் துணியால் துடைத்து வெயிலில் வைத்திருப்பாள். அன்று நேரமில்லாததால் கவியரசன் வந்ததும் குழாயை மாட்டி, திருகைத் திறந்து, காற்றழுத்தம் காட்டும் முள் இருநூறில் நிற்பதைப் பார்த்துவிட்டு, உடுப்பு மாட்டக் கொட்டகைக்குள் போனான். அந்த ஐந்து நிமிஷத்தில் அமிர்தவல்லி சோப்புத் துணியோடு வந்து, தன் வேலையை முடித்துவிட்டுப் போனாள்.

இருவரும் ஏலம் விட்டார்கள். முள் இருநூறில் நின்றது. ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தான், வந்தது. படிகளைப் பிடித்து இறங்கினார்கள்.

கிணற்றுக்குள் கை நீட்டினால் விரல் தெரியும், அதற்கு மேல் பச்சை. முப்பது அடியில் கவியரசனுக்கு மூச்சு கனத்தது. அடைத்துக்கொண்ட உறிஞ்சு குழலில் இளநீர் குடிக்கிற மாதிரி இருந்தது. நாற்பதில் இழுத்தான், பாதிதான் வந்தது. அடுத்த மூச்சில் ஒன்றும் வரவில்லை. முள்ளைப் பார்த்தான். இழுக்க இழுக்க அது பூஜ்யத்துக்கு விழுந்தது, விட்டால் ஏறியது. எங்கேயோ அடைப்பு என்று புரிந்தது. ஆனால் திருகு முதுகில் இருக்கிறது, தன் கை எட்டவில்லை. முதல் மூன்று முங்கின்போது இப்படி ஆகியிருந்தால் என்று ஒரு நினைப்பு வந்தது. அதை முடிக்க மூச்சு போதவில்லை. பச்சைக்குள் கையை நீட்டினான். ஒரு தோள் கிடைத்தது. உள்ளங்கையைக் கழுத்துக்குக் குறுக்கே அறுப்பதுபோல் காட்டினான்.

நிலவழகன் யோசிக்கவில்லை. தன் வாயில் கவ்வியிருந்ததைப் பிடுங்கிக் கவியரசன் வாயில் வைத்தான். தான் மார்பில் தொங்கிய மாற்றுக் குழாயைக் கவ்விக்கொண்டான். ஆறு வருஷம் பழகிய கை அது, ஆறடி சட்டம் அதற்குத் தெரியாது. இரண்டு மூச்சு போனதும் கவியரசனின் முதுகுப் பக்கம் கையை விட்டுத் திருகினான். திறக்கிற பக்கமாக அது சுற்றிக்கொண்டே போனது. ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி மெதுவாக மேலே வந்தார்கள்.

அமிர்தவல்லி பத்தடி தள்ளி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சிலிண்டரை யாராவது தொட்டீர்களா அம்மா என்று நிலவழகன் படியில் உட்கார்ந்தபடியே சாதாரணமாகக் கேட்டான்.

"தொடச்சேன் தம்பி. தெறந்து கெடந்துச்சு. கேஸு வீணாப் போகுமேன்னு மூடுனேன். வெரலு வலி, முழுசா மூட முடியல."

அடுப்படியில் முப்பது வருஷமாகக் கேஸை மூடிவிட்டுத்தான் அவள் படுக்கப் போவாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முழுசாக மூடியிருந்தால் கரையிலேயே தெரிந்திருக்கும் என்று முணுமுணுத்துவிட்டு நிலவழகன் சிரித்தான். கவியரசனுக்குக் கொஞ்சம் பொறுத்துத்தான் சிரிப்பு வந்தது.

பிறகு லாக் புக்கை எடுத்தார்கள். ஆழம், நேரம், காற்று எல்லாம் எழுதிவிட்டு, குறிப்பு என்ற கட்டத்துக்கு வந்தபோது கவியரசன் பேனாவை நிறுத்தினான். அதைக் காலியாக விடலாம் என்றான். இன்னும் மூன்றுதான் பாக்கி, நாளோ பத்துதான், வனிதாவுக்குத் தெரிந்தால் கிணற்றுக்கே கம்பிவலை போட்டுவிடுவாள், வேலையும் போய்விடும் என்றான். நிலவழகன் பேனாவை வாங்கவில்லை.

"மாப்ள, நான் காலைல மீன் ஏலக்கடையில அம்பது பேருக்கு நடுவுல நின்னுட்டு வந்தவன். என் வாயில இருந்தத நீ வாயில வச்சிருக்க. ராத்திரிக்கு நீ எங்க படுப்ப? ஒங்கம்மா படுக்கிற வீட்ல."

கவியரசன் திரும்பிப் பார்த்தான். கீரையை ஆய்ந்து முடித்த அமிர்தவல்லி முறத்தோடு எழுந்து, ஒரு கையை இடுப்பில் ஊன்றி, ஏறின மூச்சு இறங்கட்டும் என்று நின்றாள். நாற்பதடியில் குழாயை இழுத்தபோது தனக்கு இருந்தது நினைவுக்கு வந்தது. அம்மாவுக்கு அது மார்கழி, தை இரண்டு மாதமும் இருக்கிறது. போனை எடுத்து வனிதாவுக்கு அடித்தான். ஒன்று விடாமல் சொன்னான்.

 அவள் மூன்று கேள்வி கேட்டாள். வைத்தது மாற்றுக் குழாயா, அண்ணன் வாயில் இருந்ததா என்பது ஒன்று. கரைக்கு வந்த பிறகு அத்தையின் பக்கத்தில் போனீர்களா என்பது இரண்டு. இரண்டுக்கும் அவன் பதில் சொன்னான். மூன்றாவதைக் கேட்கும்போது நர்ஸின் குரல் போய் வேறு குரல் வந்தது.

"இப்ப மூச்சு நல்லா வருதா?"

நல்லா வருது என்றான்.

"அப்ப அங்கேயே இருங்க. பதினாலு நாளு வீட்டுப் படி ஏறக்கூடாது. அண்ணனும் ஊருக்குப் போகக்கூடாது, அவங்க வீட்லயும் பெரியவங்க இருக்காங்க. ரெண்டு பேரும் மோட்டார் கொட்டகையில இருங்க." நிறுத்திவிட்டுச் சொன்னாள். "இனி ரெண்டு பேரும் ஒரே வீட்டு ஆளு. ஆறடி வேணாம். நல்லாத் தொட்டுப் பாத்துட்டு எறங்குங்க."

கம்பிவலையை எதிர்பார்த்தவனுக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. நிலவழகன் பேனாவை வாங்கி, குறிப்புக் கட்டத்தில், 'சிலிண்டர் திருகு பாதிக்கு மேல் மூடியிருந்தது. கையால் சோதிக்கவில்லை. தவறு இருவருடையது' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டான்.

அப்படியாக அந்தக் கொட்டகை பதினான்கு நாளைக்கு அவர்கள் வீடாயிற்று. இரண்டு கயிற்றுக் கட்டில், ஒரு பானைத் தண்ணீர், மூலையில் மோட்டார். வேளாவேளைக்குச் சாப்பாடு கல் மேல் வந்து இறங்கும். நிலவழகனின் சித்தப்பா லாரியில் மீனும் அனுப்பினார், அமிர்தவல்லி குழம்பு வைத்தாள். அவளுக்கு விஷயத்தை வனிதா பக்குவமாகச் சொல்லியிருந்தாள். அன்று ஒரு வேளை அவள் சாப்பிடவில்லையாம். மறுநாள் முதல், அவர்கள் இறங்குகிற நேரத்துக்கு முகக்கவசத்தோடு வந்து பத்தடியில் நிற்பாள். நிலவழகன் கவியரசனின் முதுகில் கைவிட்டுத் திருகிப் பார்ப்பான். கவியரசன் அவன் முதுகில் பார்ப்பான். "நான் கிட்டயே வரல" என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவாள்.

பாக்கி மூன்றும் இருபத்தைந்தாம் தேதிக்குள் முடிந்தன. பன்னிரண்டு பக்கத்தையும் படம் பிடித்து இருவரும் கம்பெனிக்கு அனுப்பினார்கள். ஒன்பதாவது பக்கத்தையும் மறைக்கவில்லை. அதைப் படித்தால் எடுக்கமாட்டார்களோ என்று கவியரசனுக்கு இரண்டு நாள் தூக்கம் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் பதில் வந்தது. மார்ச் மாதம் வரவும் என்று இருந்தது. கீழே தனியாக ஒரு வரி: ஒன்பதாவது பக்கத்தை, பெயர்களை நீக்கிவிட்டு, புதிய ஆட்களின் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாமா? நிலவழகன் அதை இரண்டு தரம் சத்தமாகப் படித்தான்.

அப்புறமும் நாள் மிச்சமிருந்தது, இரண்டு சிலிண்டரில் காற்றும் மிச்சமிருந்தது. யாருடைய கையெழுத்தும் தேவையில்லாமல், சும்மா முங்கினார்கள். சேற்றிலிருந்து மூன்று பிளாஸ்டிக் குடம், ஒற்றைச் செருப்பு, மோட்டார் குழாயின் துருப்பிடித்த ஃபுட் வால்வு ஒன்று எல்லாம் மேலே வந்தன. அடியில் ஒரு ஆமை இருந்தது. மாலத்தீவில் ஆமையைக் காட்டினால் வெள்ளைக்காரன் கை தட்டுவான், இங்கே நாம்தான் தட்டிக்கொள்ள வேண்டும் என்றான் நிலவழகன். தண்ணீருக்குள்ளேயே இருவரும் கை தட்டினார்கள்.

பதினைந்தாம் நாள் காலை, வனிதா சளி எடுத்துப் போய்க் கொடுத்திருந்த கொரோனா சோதனையின் முடிவு இருவருக்கும் நெகட்டிவ் என்று வந்தது. அவளே கொட்டகைக்கு வந்து, "வாங்கண்ணே, வீட்டுக்கு" என்று கூப்பிட்டாள். ஒன்றரை மாதமாக வந்துபோனவன் அன்றுதான் அந்த வீட்டுப் படி ஏறினான். அடுப்படிக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்காரவைத்தார்கள். அமிர்தவல்லி காப்பியைப் பேப்பர் கப்பில் ஊற்றாமல், பித்தளை டம்ளரில் ஆற்றி அவன் கையிலேயே கொடுத்தாள்.

பிறகு அடுப்பண்டை போய், கேஸ் சிலிண்டரின் மேல் கையை வைத்தவள், மூடாமல் அப்படியே திரும்பி நிலவழகனைப் பார்த்தாள்.

"இத மூடலாம்ல தம்பி?"