புரபசர் கர்ணனின் அடிக்குறிப்பு

சின்னமனூருக்குப் பக்கத்தில் ஒரு கண்மாய். அதன் கரையை நண்டுகள் வளை தோண்டிவிட, தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. நேர் கீழே மூக்கம்மாளின் ஒன்றரை ஏக்கர். நெல் பால் பிடித்து நின்றது. இரண்டு நாளில் பெருமழை என்றார்கள். அன்று மாலை ஐந்து மணிக்குள் மனு வந்தால் நான்கு லோடு மண் அனுப்புவதாகப் பொறியாளர் ஹேமாவதி சொல்லியிருந்தார். மனுவில் பாசனச் சங்கத் தலைவரின் கையெழுத்து வேண்டும்.

தலைவர் கர்ணன், ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர். லண்டனில் பதினோரு நாள் இருந்தவர். அந்தப் பதினோரு நாளுக்கு இன்றுவரை ஓய்வு கொடுக்காதவர். சங்கத்து மனுக்கள் ஆங்கிலத்தில்தான் போக வேண்டும் என்பது அவர் போட்ட விதி.

மணி மூன்று. வீட்டுக்கு வந்து மூக்கம்மாள் நீட்டிய மனுவைப் படித்தவர் பேனாவை மூடினார்.

“கரைக்கு ‘பண்ட்’னு யாருய்யா எழுதுனது?”

“நாந்தேன் சார்” என்றான் அப்சல். மூக்கம்மாளின் பக்கத்து வயல்காரன். சவுதியில் எண்ணெய்க் கிடங்கில் வேலை, விடுப்பில் வந்திருந்தான்.

“இது காண்ட்ராக்டர் பேசுற இங்கிலீஷு. தேம்ஸ் கரைய அங்கன எப்படிச் சொல்றாக தெரியுமா? எம்பேங்க்மென்ட்! கண்மாய்க்கு ஒரு கௌரவம் வேணாமா?”

“அந்தக் கௌரவம் நண்டுக்குத் தெரியலையே சார்” என்றாள் மூக்கம்மாள்.

அப்சல் விடவில்லை. “எங்க கம்பெனியில டீசல் டேங்கச் சுத்திச் சுவர் கட்டியிருக்காக சார். டேங்கு ஒழுகுனா எண்ணெய் வெளிய ஓடாம மறிக்கிறதுக்கு. அதுக்கும் பண்ட்னுதேன் பேரு. சேஃப்டி ஆபீசர் மான்செஸ்டர்க்காரரு, அவரே அப்படித்தேன் சொல்றாரு.”

மான்செஸ்டர் என்றதும் கர்ணன் லேசாக ஆடிப்போனார். தலையணை பருமன் அகராதியைத் திறந்தார். வரி வரியாக இறங்கிய விரல் ஓரிடத்தில் நின்றது.

“வெள்ளைக்காரக இந்தச் சொல்ல இந்தியாவுல இருந்து எடுத்துக்கிட்டாகளாம்” என்றார், சம்பந்தி வீட்டில் போலீஸ் வந்த சேதியைச் சொல்வதுபோல. “மூலம் பாரசீகம்...”

“எம்புட்டுத் தூரம் அலைஞ்சிருக்கு! பாவம், கையெழுத்தப் போட்டு உக்கார வைங்க சார்” என்றாள் மூக்கம்மாள்.

“இந்தச் சொல்ல ஏன் அனுமதிச்சேன்னு விளக்கம் இல்லாமப் போட்டா, நாலு பேரு என்ன நினைப்பாக?”

“மொதல்ல கையெழுத்து. விளக்கத்த அடியில எழுதுங்க” என்றாள் மூக்கம்மாள்.

கையெழுத்து விழுந்தது. அடிக்குறிப்பும் தொடங்கியது. இரண்டாம் தாளுக்குத் தாவி, ‘தி பண்ட்’ என்றே பேர்பெற்ற ஷாங்காய் நகரத்து ஆற்றங்கரையை அது எட்டியபோது மணி நாலே முக்கால். மூக்கம்மாள் தாளை உருவினாள்.

“சைனாவுக்கு மழை விட்டதும் போகலாம் சார்.”

அப்சலின் பைக் ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அலுவலகத்தை அடைந்தது. ஹேமாவதி முதல் பத்தியைப் படித்தார். அவருடைய பதிவேட்டிலும் அதே சொல்தான். முத்திரை குத்தினார். இரண்டாம் தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் லாரிக்காரரின் போன் நம்பரைக் குறித்துக்கொண்டார்.

மறுநாள் காலை லாரி வந்தது. தேய்த்த சட்டையில் கர்ணனும் வந்தார்.

“என் குறிப்பப் படிச்சிட்டுத்தேன் அனுப்பியிருக்காக.”

அப்சல் வாயைத் திறந்தான். மூக்கம்மாள் முந்திக்கொண்டாள்: “பின்ன? படிச்சு அசந்துபோனாகளாம் சார்!”

கர்ணன் பூரித்துப்போய், டிரைவரிடம் பாரசீகத்திலிருந்து ஆரம்பித்தார். டிரைவர் தலையை வெளியே நீட்டி மூக்கம்மாளைப் பார்த்தார்.

“எங்கன கொட்டணும்க்கா?”

அவள் கை காட்டினாள். மண் சரிந்தது.